பாவித்த தொலைபேசியைத் தூரத்தில் இருப்பவருக்கு விற்பது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரந்தனில் தொலைபேசி திருத்தும் சிறிய கடை ஒன்று வைத்திருக்கிறேன். ரீலோட் போட வருபவர்களும் போட்டோ கொப்பி எடுக்க வருபவர்களும் மேசையில் கையூன்றி நின்று கேட்பவற்றில் பெரும்பகுதி இப்போது பழுதைப் பற்றியது அல்ல. இணையத்தில் விளம்பரம் போட்டேன், கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார், காலியிலிருந்து ஒருவர் பேசினார், நம்பலாமா என்பதுதான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் போக்கிலேயே விட்டிருக்கிறேன்.

அண்ணா, இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாமே. எதற்காகக் கொழும்புக்கு அனுப்பி வினையை விலைக்கு வாங்க வேண்டும்?

சாதாரணத் தொலைபேசி என்றால் நானும் அதையேதான் சொல்வேன். பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் பெறுமதியான பழைய சாம்சங் ஒன்றைப் பொதி செய்து, கூரியருக்குக் காசு கட்டி, ஒரு வாரம் மனப்பதற்றத்தோடு இருப்பதில் பயனில்லை. உங்கள் ஒழுங்கையிலேயே உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒன்று அதைத் தேடிக்கொண்டிருக்கும்.

கமரா, அதன் வில்லைகள், விளையாட்டுக்கான மடிக்கணினி, ஐபேட் போன்றவற்றின் கதை வேறு. மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ அவற்றைக் கேட்டு வருபவர் அரிது. வருகிற ஒருவரும் தன்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு அடிமாட்டு விலை கேட்பார். 2022-இல் ரூபாய் சரிந்து புதிய பொருள்களின் விலை எகிறிய பிறகு, பாவித்த பொருளுக்குத் தெற்கிலும் நல்ல கிராக்கி இருக்கிறது. அந்த விலை வேண்டும் என்றால் தூரத்துக்கு விற்கத்தான் வேண்டும்.

விளம்பரத்தில் எதை எழுதுவது, எதை மறைப்பது?

பழுதை மறைக்காதீர்கள். திரையில் கீறல் இருந்தால் கீறலைப் படம் பிடித்துப் போடுங்கள். பற்றரி அரை நாள்தான் நிற்கும் என்றால் அதையும் எழுதுங்கள். ஐபோனில் பற்றரியின் நலம் விழுக்காடாகவே காட்டும். அந்தப் பக்கத்தின் படம் ஒன்று போதும். விலை சிறிது குறையும், ஆனால் பிறகு வரும் சண்டை இல்லாமல் போகும். விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது இலங்கையில் 1896-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிற விதி.

மறைக்க வேண்டியவை: வீட்டு முகவரி, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இலக்கம், தொலைபேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம். *#06# என்று அழுத்தினால் தெரியும் அந்தப் பதினைந்து இலக்கங்கள்தான் தொலைபேசியின் பிறப்புச் சான்றிதழ். வாங்குபவர் சரியானவர் என்று தெரிந்த பின் அவருக்கு மட்டும் கொடுங்கள். ஊரெல்லாம் பார்க்கப் போட்டால், யாரோ ஒருவர் அதை எடுத்துத் தன்னுடைய தொலைபேசி தொலைந்துவிட்டது என்று சொல்லவும் இடமிருக்கிறது.

இன்னொன்று. ஒரு தாளில் உங்கள் முதற்பெயரையும் அன்றைய திகதியையும் எழுதிப் பொருளின் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். ஏன் என்று பின்னால் வங்கிக் கணக்கு முடக்கப்பட்டவரின் கேள்வியில் சொல்கிறேன்.

சுவிஸிலிருந்து மாமா கொண்டுவந்து தந்தது. பெட்டியும் இல்லை, பில்லும் இல்லை. விற்கலாமா?

விற்கலாம். வன்னியில் பாதித் தொலைபேசிகள் அப்படித்தான் வந்து சேர்கின்றன. இரண்டு விடயங்களை முதலில் பாருங்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்று உள்ளூர் சிம்மைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, ஐ.எம்.ஈ.ஐ. என்ற நான்கு எழுத்துகளை ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, பதினைந்து இலக்கங்களையும் அடித்து 1909-க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். தெற்கில் விவரம் தெரிந்த வாங்குபவர் முதலில் கேட்பது இதைத்தான். பதிவில்லை என்றால் அதையும் விளம்பரத்தில் எழுதிவிடுங்கள்.

தம்பி, படங்களையெல்லாம் அழித்துவிட்டேன். இனி அனுப்பலாம்தானே?

இல்லை, அம்மா. படத்தை அழிப்பது வேறு, தொலைபேசியை வெறுமையாக்குவது வேறு. அழித்த படம் குப்பைத் தொட்டிப் பகுதியிலும் கூகுள் கணக்கிலும் கிடக்கும். வேண்டியவற்றை வேறிடத்தில் சேமித்துக்கொண்டு, முதலில் கூகுள் கணக்கிலிருந்தோ ஐகிளவுட்டிலிருந்தோ வெளியேற வேண்டும். சாம்சங் என்றால் சாம்சங் கணக்கிலிருந்தும் வெளியேற வேண்டும். அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது. ஒழுங்கை மாற்றிச் செய்தால், வாங்கியவர் திறந்ததும் உங்கள் பழைய கடவுச்சொல்லைக் கேட்டுத் தொலைபேசி பூட்டிக்கொள்ளும். திருட்டைத் தடுக்க வைத்த பூட்டு அது. ஐபோனில் 2013-இலிருந்து இருக்கிறது, அன்ட்ரொய்டிலும் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் வாங்கியவர் உங்களைக் கள்ளன் என்று நினைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற மறக்காதீர்கள். மின்சிம் இருந்தால் அதை உங்கள் புதிய தொலைபேசிக்கு மாற்றுங்கள். வங்கிச் செயலியையும் வட்ஸ்அப்பையும் புதிய தொலைபேசியில் திறந்து, வேலை செய்கின்றனவா என்று பார்த்த பின்பே பழையதை வெறுமையாக்குங்கள். அண்மைக்காலத் தொலைபேசிகளில் சேமிப்பே மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், இப்படி வெறுமையாக்கிய பின் பழைய படத்தை மீட்பது ஏறக்குறைய முடியாத காரியம்.

மடிக்கணினியில் அந்த வசதியை நம்ப முடியாது. பழைய சுழலும் வன்தட்டு என்றால் சாதாரண ஃபோர்மட் போதாது. விண்டோஸில் கணினியை மீட்டமைக்கும்போது தட்டை முழுமையாகச் சுத்தம் செய்யும் தெரிவு ஒன்று வரும்; அதைத் தெரிவு செய்து, சில மணி நேரம் ஓடவிடுங்கள். குடும்பப் படங்கள், பெண்பிள்ளைகளின் படங்கள் இருந்த கணினி என்றால் என் ஆலோசனை ஒன்றுதான்: தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு, தட்டில்லாமலே விற்றுவிடுங்கள். குறைகிற விலை பெரிதில்லை.

வாங்குபவர் உண்மையான ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழுதாகத் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் சில அறிகுறிகள் உண்டு. உண்மையாக வாங்க வருபவர் தொல்லை கொடுப்பார்: பற்றரி எப்படி, திரை மாற்றியதா, கடைசி விலை என்ன, இன்னும் இரண்டாயிரம் குறைக்க முடியாதா என்று. பேரம் பேசாமல், பழுதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், கேட்ட விலைக்கு உடனே சம்மதித்து, இன்றே அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துபவரைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காணொளி அழைப்பில் வரச் சொல்லுங்கள். பொருளைக் காட்டுவதற்காக என்று சொன்னால் யாரும் மனம் நோக மாட்டார்கள். அடையாள அட்டையின் படத்தைக் கேளுங்கள், கிடைத்ததும் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய பன்னிரண்டு இலக்க அட்டையில் முதல் நான்கு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1990032 என்று தொடங்கினால் 1990 பெப்ரவரி 1-இல் பிறந்த ஆண். 1990532 என்றால் அதே நாளில் பிறந்த பெண். பழைய அட்டையில் ஆண்டுக்கு இரண்டு இலக்கம் மட்டும், மற்றது அதே முறைதான். மீசை வைத்த முகத்தின் கீழே 500-க்கு மேற்பட்ட எண் இருந்தால், அட்டை வேறு யாருடையதோ. எண் பொருந்தினால் மட்டும் ஆள் நல்லவர் என்று ஆகிவிடாது. களவெடுத்த அட்டையிலும் எண் சரியாகவே இருக்கும்.

அவர் உங்கள் அட்டையைக் கேட்டால், போட்டோ கொப்பியின் குறுக்கே, இன்ன தொலைபேசி விற்பனைக்கு மட்டும் என்று திகதியோடு எழுதி, அதைப் படமெடுத்து அனுப்புங்கள்.

வைப்புச் சீட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வங்கி முத்திரைகூட இருக்கிறது. பொதியை அனுப்பட்டா?

அனுப்ப வேண்டாம். அது ஒரு படம். முத்திரையும் படம், கையொப்பமும் படம். தொலைபேசியிலேயே ஐந்து நிமிடத்தில் தொகையையும் கணக்கு இலக்கத்தையும் மாற்றக்கூடிய செயலிகள் இருக்கின்றன. பணமாற்றம் வெற்றி என்று பச்சை நிறத்தில் காட்டும் தொலைபேசித் திரையின் படமும் அதே வகைதான்.

நான் யாருக்கும் சொல்கிற விதியில் இரண்டு பாதி உண்டு. காசு உங்கள் கணக்கில் இருப்பதை நீங்களே பார்க்க வேண்டும். அந்தக் காசு, பொதியைப் பெறப்போகிறவரின் பெயரிலிருந்து வந்திருக்க வேண்டும். முதற்பாதியை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டாம் பாதியைச் சொன்னால், காசு வந்தால் போதாதா என்று என்னை விநோதமாகப் பார்க்கிறார்கள். பின்னால் வரும் கேள்விகளில் பாதி அந்த இரண்டாம் பாதியைப் பற்றியதுதான்.

வங்கியிலிருந்தே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. வங்கியின் பெயர்கூடப் போட்டிருக்கிறது. அதையும் நம்பக் கூடாதா?

குறுஞ்செய்தியின் தலையில் வரும் பெயரைப் போலியாகப் போட முடியும். சில வேளை அந்தப் போலிச் செய்தி, வங்கியின் உண்மையான பழைய செய்திகளுக்குக் கீழேயே வந்து நிற்கும். வங்கிச் செயலியைத் திறந்து மீதியைப் பாருங்கள். செயலி இல்லாவிட்டால் ஏ.டி.எம். இயந்திரத்துக்குப் போங்கள். விசுவமடுவிலிருந்து அதற்காகப் பஸ் ஏற வேண்டியிருக்கிறது என்றால் ஏறுங்கள். அதுவரை வாங்குபவர் காத்திருக்கட்டும்.

வேறு வங்கி என்பதால் காசு நாளைதான் விழும், ஆனால் பொதியை இன்றைக்கே போடுங்கள் என்கிறார்.

இலங்கையில் வங்கிக்கு வங்கி காசு போக இரண்டு வழிகள் பெரும்பாலும் பயன்படுகின்றன. செஃப்ட்ஸ் வழியாக அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை இரவாக இருந்தாலும் உடனே வந்துவிடும். ஸ்லிப்ஸ் வழியாக அனுப்பினால் தொகுதி தொகுதியாக, வங்கி நாட்களில்தான் போகும். அதில் தாமதம் உண்மையாகவே வரலாம். ஆகவே அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. காசு நாளை வந்தால் பொதியும் நாளை போகும், அவ்வளவுதான்.

காசோலையை ஏற்காதீர்கள். வைப்பிலிட்டதும் கணக்கில் தொகை தெரிந்தாலும், அது தீரும்வரை உங்கள் காசில்லை. திரும்பி வரும்போது உங்கள் தொலைபேசி மாத்தறையில் இருக்கும்.

காசு போட ஓ.டி.பி. இலக்கம் வேண்டுமாம். சொல்லலாமா?

கூடவே கூடாது. உங்களுக்குக் காசு அனுப்ப ஒருவருக்குத் தேவையானவை: கணக்கு இலக்கம், கணக்கிலுள்ள பெயர், வங்கி, கிளை. ஓ.டி.பி. எனப்படும், வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறை இலக்கம், பின் இலக்கம், வங்கி அட்டையின் பின்புறத்து மூன்று இலக்கம் எல்லாம் காசு வெளியே போவதற்கானவை. காசு பெற இந்த இணைப்பை அழுத்துங்கள், இந்தக் கியூ.ஆர். குறியை உங்கள் செயலியால் வருடுங்கள் என்று வருவதும் அதே கள்ளத்தனம். வருடுகிறவர்தான் காசு கொடுப்பவர்; கடையில் நீங்கள் வருடும்போது யார் கொடுக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கூரியர்காரனே காசை அறவிட்டுத் தருவான் என்கிறார்கள். அதுதானே பாதுகாப்பு?

ஓரளவுக்கு. பொருளைக் கொடுக்கும்போது காசை வாங்கும் அந்தச் சேவையைப் பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் பதிவுசெய்த வியாபாரிகளுக்குத்தான் தருகின்றன. ஒரு தொலைபேசி விற்பவருக்கு உள்ளூர்க் கிளையில் அது கிடைக்குமா என்று நேரில் கேளுங்கள். கிடைத்தாலும், வாங்குபவர் மனம் மாறிக் கதவைத் திறக்காவிட்டால் போகும் கூலியும் திரும்பும் கூலியும் உங்கள் தலையில். அதனால் கூரியர் கட்டணத்தை மட்டும் முன்கூட்டியே அவரிடம் வாங்கிவிடுங்கள். அதைக்கூட அனுப்பத் தயங்குபவர் முழுத் தொகையைக் கொடுக்கப் போவதில்லை.

கூரியர் நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு, உங்கள் காசை விடுவிக்க காப்புறுதிக் கட்டணம் செலுத்துங்கள் என்று இணைப்போடு வரும் செய்தியும் உண்டு. நீங்களே போய்ப் பொதியைக் கொடுத்த கிளையைத் தவிர வேறு எந்தக் கூரியரோடும் உங்களுக்குப் பேச்சில்லை.

யாழ்ப்பாணம்–கொழும்பு பஸ்ஸில் கொடுத்துவிட்டால் விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிடுமே. எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். ஏ9 வீதியில் இரவு பஸ்களில் மருந்து, மீன், மாம்பழம், கலியாணச் சேலை எல்லாம் போய்வருகின்றன. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது ஓடிப்போய் நடத்துநரின் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயையும் உடைத்துவிட்டு வருபவர்களை எனக்குத் தெரியும். தெரிந்த ஆளுக்குத் தெரிந்த ஆள் அனுப்புகிறவரை அது அருமையான சேவை.

முகமறியாத வாங்குபவருக்கு அது பொருந்தாது. பற்றுச்சீட்டு இல்லை, யார் வந்து எடுத்தார் என்பதற்குக் கையொப்பம் இல்லை. வெள்ளவத்தையில் ஒருவர் வந்து, நான்தான் அந்த ஆள் என்றால், அதிகாலை நாலரைக்கு நித்திரைக் கண்ணோடு இருக்கும் நடத்துநர் அடையாள அட்டையா பார்ப்பார்? பொதி போகவில்லை என்று வாங்குபவர் சொன்னாலும் போய்விட்டது என்று காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. கட்டாயம் பஸ்தான் என்றால், முழுக்காசும் வந்த பின்பு, பஸ் இலக்கத்தையும் பொதியையும் நடத்துநரின் கையோடு சேர்த்துப் படமெடுத்து, எடுக்க வருபவரின் அட்டை இலக்கத்தைப் பொதியின் மேல் பெரிதாக எழுதிவிடுங்கள். மாங்குளம், கிளிநொச்சிப் பக்கம் இருப்பவர்கள் ரயில் நிலையத்தில் பொதிச் சேவையைக் கேட்டுப் பார்க்கலாம்; அங்கே குறைந்தபட்சம் ஒரு துண்டாவது தருவார்கள்.

எப்படிப் பொதி செய்ய வேண்டும்?

தொலைபேசியை அணைத்து, பற்றரியை அரைவாசிக்குக் கீழே வைத்து, முதலில் பொலித்தீன் உறையில் இட்டு ஒட்டுங்கள். மாரி மழையில் பொதி எங்கே நனையும் என்று சொல்ல முடியாது. சுற்றிவரக் குமிழ்த்தாள், அதன் பிறகு ரெஜிபோம் துண்டுகள், பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. சார்ஜரை மேலே வைக்காமல் தனியாகச் சுற்றுங்கள். திரையை உடைப்பது பெரும்பாலும் அதுதான். பற்றரி ஊதியிருந்தால் அனுப்பவே கூடாது. வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அது தீப்பிடிக்கலாம். கழற்றி மாற்றிவிட்டு விற்க வேண்டும்.

பொதி செய்வதை முழுக்கக் காணொளியாக எடுங்கள். வெட்டாமல், நிறுத்தாமல், ஒரே மூச்சில். தொலைபேசி வேலை செய்வது, *#06# அழுத்தித் தெரியும் இலக்கம், பெட்டிக்குள் வைப்பது, ஒட்டுவது, முகவரி எழுதியது எல்லாம் அதில் வர வேண்டும். மடிக்கணினி என்றால் அடியில் இருக்கும் தொடரிலக்கம். கூரியர் பற்றுச்சீட்டின் பின்புறத்தையும் வாசியுங்கள்: தொலைந்தால் அவர்கள் தரும் நட்டஈடு பெரும்பாலும் பொருளின் விலைக்குக் கிட்டவும் வராது. காப்புறுதி கேட்டால் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுப்பார்களா என்று விசாரியுங்கள்.

எனக்குச் சிங்களம் வராது. அவர் வேகமாகப் பேசுகிறார், நான் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிவிடுகிறேன்.

தொலைபேசியில் பேசுவதை நிறுத்துங்கள். எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புச் செயலி குறுகிய வாக்கியங்களை ஓரளவு ஒழுங்காகவே மாற்றித் தரும். விலை, கூரியர் கட்டணம், பழுது, அனுப்பும் நாள்: இந்த நான்கும் எழுத்தில் இருந்தால் போதும். மொழி தெரியாத தயக்கத்தில் ஓம் சொல்பவரைத்தான் ஏமாற்றுபவர் தேடுகிறார். நல்ல வாங்குபவருக்கு எழுதுவதில் கஷ்டமில்லை. தெற்கிலுள்ள பலர் தாங்களே தமிழில் மொழிபெயர்த்து அனுப்புகிறார்கள்.

வாங்குபவர் கனடாவில் இருக்கிறார், எங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். முல்லைத்தீவிலுள்ள தம்பிக்குப் பரிசாக வாங்குகிறாராம். காசை உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்கிறார்.

பக்கத்து ஊர்க்காரர் என்றால் தம்பியை நேரில் வரச் சொல்லுங்கள். முல்லைத்தீவு என்ன அவுஸ்திரேலியாவா? வந்து பார்த்து, காசைக் கையில் தந்து, பொருளை வாங்கிப் போகட்டும். நம் ஊர்ப்பெயர், கோயில் பெயர், படித்த பள்ளிக்கூடத்தின் பெயரெல்லாம் முகநூலைப் பார்த்து யாரும் சொல்லலாம்.

உண்டியல் என்றால், அங்கே ஒருவர் ஒருவரிடம் கொடுக்க, இங்கே முற்றிலும் வேறொருவர் உங்கள் கணக்கில் போடுவார். அந்த வேறொருவர் யார், அந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. நான் சொன்ன விதியின் இரண்டாம் பாதி அங்கேயே உடைந்துவிடுகிறது. வங்கி மூலமோ வெஸ்டர்ன் யூனியன் போன்ற முறையான வழியிலோ அனுப்பச் சொல்லுங்கள். வெஸ்டர்ன் யூனியனில் நீங்கள் காசைக் கையில் எடுக்கும்வரை அனுப்பியவர் அதை நிறுத்தலாம். ஆகவே காசை எடுப்பதற்கான இலக்கம் வந்தது போதாது, காசை எடுத்த பிறகே பொருள்.

இரண்டு பாதியும் எதற்கு? காசு வந்தது, நான் பொருளை அனுப்பினேன். இப்போது என் கணக்கையே முடக்கிவிட்டார்கள்.

இந்த ஏமாற்றுக்குத்தான் அதிகம் பேர் தயாராக இல்லை. இது இப்படி நடக்கிறது. உங்கள் விளம்பரத்தைக் கள்ளன் பார்க்கிறான். அதே படங்களை எடுத்து, அரை விலைக்கு, வேறு பெயரில் தானே ஒரு விளம்பரம் போடுகிறான். குருநாகலில் ஓர் அப்பாவி அதை நம்பி வாங்க வருகிறார். அவருக்குக் கள்ளன் கொடுப்பது உங்கள் வங்கிக் கணக்கு இலக்கத்தை. உங்களிடம் அவன் சொல்வது, காசு போட்டுவிட்டேன், பாருங்கள் என்று. நீங்கள் பார்க்கிறீர்கள், உண்மையாகவே காசு இருக்கிறது. சிலவேளை முழுத் தொகையும் சேர இரண்டு அப்பாவிகள் போட்டிருப்பார்கள். பொதி கள்ளனின் முகவரிக்குப் போகிறது. குருநாகல்காரருக்கு ஒன்றும் வரவில்லை. அவர் பொலிஸில் கொடுக்கும் முறைப்பாட்டில் இருக்கும் ஒரே கணக்கு இலக்கம் உங்களுடையது.

தடுப்பதற்கு வழி இருக்கிறது. காசைச் சொந்தக் கணக்கிலிருந்து, குறிப்புப் பகுதியில் பொருளின் பெயரை எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பியவரின் பெயர், அடையாள அட்டையின் பெயர், பொதியின் மேலுள்ள பெயர் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். மச்சான் கணக்கிலிருந்து போட்டேன், முதலாளி போட்டார் என்றால் நிறுத்துங்கள். வங்கிக்குப் போய், அந்தத் தொகையை வந்த அதே கணக்குக்கே திருப்பச் சொல்லுங்கள். தவறுதலாகக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மீதியை இந்த இலக்கத்துக்கு அனுப்புங்கள் என்பவருக்கும் இதே பதில்தான்: திரும்பினால் வந்த வழியால் மட்டும். நீங்களாக வேறு கணக்குக்கு ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். பெயரும் திகதியும் எழுதிய தாளோடு படமெடுக்கச் சொன்னதும் இதற்காகத்தான். அந்தப் படத்தைத் திருடி இன்னொரு பெயரில் போடுவது கடினம்.

கணக்கு ஏற்கெனவே முடங்கிவிட்டது என்றால், விளம்பரம், உரையாடல், அட்டைப் படம், பொதிக் காணொளி, கூரியர் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நீங்களாகவே வங்கிக்கும் பொலிஸுக்கும் போங்கள். கூப்பிடும்வரை வீட்டில் இருந்தால் ஒளிந்திருப்பதாகத் தோன்றும்.

பொருள் கிடைத்த பிறகு, வேலை செய்யவில்லை, காசைத் திருப்பித் தா என்கிறார்.

உண்மையாகவும் இருக்கலாம், வழியில் அடிபட்டிருக்கலாம். திறந்ததைக் காணொளியாக எடுத்தாரா என்று கேளுங்கள். திருப்பி எடுப்பதாக இருந்தால் முதலில் பொருள் வரட்டும். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை உங்கள் காணொளியோடு ஒப்பிடுங்கள். உள்ளே பற்றரியையோ திரையையோ மாற்றி அனுப்புவோரும் உண்டு. அதனால் விலை கூடிய பொருளை அனுப்புவதற்கு முன் திருகாணிகளின் மேல் ஒரு துளி நகப்பூச்சு வைத்துப் படமெடுப்பது நல்லது. திறந்தால் உடையும்.

நாளை அந்தத் தொலைபேசியை வைத்து யாராவது குற்றம் செய்தால் என்னைத் தேடி வருவார்களா? எங்கள் பக்கத்தில் அந்தப் பயம் இருக்கிறது.

பயம் நியாயமானது. அந்தத் தொலைபேசியின் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தோடு முன்பு உங்கள் சிம் இருந்தது என்று பதிவுகள் காட்டும். விசாரிக்க வந்தால் காட்டுவதற்கு ஒரு விற்பனைக் கடிதம் வேண்டும்: இருவரின் பெயர், அட்டை இலக்கம், ஐ.எம்.ஈ.ஐ., தொகை, திகதி. அதில் அவர் கையொப்பமிட்டுப் படமெடுத்து அனுப்பட்டும். வங்கிப் பதிவோடும் கூரியர் பற்றுச்சீட்டோடும் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். ஒருபோதும் சிம்மோடு விற்க வேண்டாம்.

ஏமாந்துவிட்டேன், தம்பி. எங்கே போவது?

முதலில் வங்கி, அன்றைக்கே. உங்கள் ஓ.டி.பி. போயிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அடுத்து அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு, தமிழிலேயே கொடுக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியே போயிருந்தால் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தைக் கட்டாயம் அதில் எழுதுவியுங்கள். இணைய மோசடிகளுக்கு ஆலோசனை கேட்க இலங்கை சேர்ட் எனப்படும் கணினி அவசரப் பிரிவின் 101 என்ற இலக்கம் இருக்கிறது. கோபத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள், அவனைத் தடை செய்யவும் வேண்டாம். அவனுடைய பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது ஒரு மணி நேரத்தில் காணாமற்போய்விடும்.

நான் விற்கப்போவதே போன வருடம் சந்தையில் பில் இல்லாமல் வாங்கியது. இப்போது அது களவுப் பொருளோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அப்படியானால் விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். 1909-இலிருந்து வரும் பதில் பதிவைத்தான் சொல்லும். திருடப்பட்டதா என்று சொல்லாது. உங்களுக்கு விற்றவர் இன்னும் அதே இடத்தில் இருந்தால், மேலே சொன்ன விற்பனைக் கடிதத்தை அவரிடம் கேளுங்கள். தந்தால், அதையும் சேர்த்து விற்கலாம். தர மறுத்தால் அதுவே பதில். களவுப் பொருள் என்று தெரிந்துகொண்டு கைமாற்றுவது குற்றம், வாங்கியபோது தெரியாது என்பது விற்கும்போது உதவாது. அந்தத் தொலைபேசியை என் கடைக்குக் கொண்டுவந்து உதிரிப் பாகமாக வாங்குவீர்களா என்று கேட்கவும் வேண்டாம், வாங்க மாட்டேன். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை எழுதிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள்.